திரையை முறைச்சுப் பார்த்தா அது கண்காணிப்பா?

நேரா மேட்டருக்கு வர்றேன். கேமரா மாட்டுறது வேற, கண்காணிக்கிறது வேற. நம்ம ஊர்ல இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு லட்சக்கணக்குல செலவு பண்றோம். நகைக்கடை, அரிசி மண்டி, கல்யாண மண்டபம், காலேஜ் ஹாஸ்டல், கடைசியில ஓட்டு மெஷின் வைக்கிற ரூம் வரைக்கும் இதே கதைதான். கேமரா செத்துப் போச்சுன்னு யாருக்கு, எப்போ, எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தக் கண்காணிப்பும் வெத்துவேட்டு. இதான் இந்தப் பதிவு. மீதியெல்லாம் விளக்கம்.

"பி.காம் படிக்கிறவனுக்கு ஸ்விட்ச், ரவுட்டர் பத்தி என்னடா தெரியும்?"னு வகுப்பு நண்பர்கள் ஓட்டப் போறீங்க. ஓட்டுங்க. திண்டிவனத்துல எங்க பெரியப்பா பையன் கேமரா மாட்டுற தொழில் பண்றார். லீவு நாள்ல ஏணி பிடிக்கிறது, கேபிள் இழுக்கிறது, முனையில ஜாக் அடிக்கிறது எல்லாம் அடியேன்தான். தவிர, கணக்கும் தணிக்கையும் படிக்கிறவனுக்கு உறைக்கிற மாதிரி இந்த விஷயம் வேற யாருக்கும் உறைக்காது. ஏன்னு கடைசியில சொல்றேன்.

2024 மே மாசம், விழுப்புரம்

ஞாபகம் இருக்கா? 2024 மக்களவைத் தேர்தல். தமிழ்நாட்டுல ஏப்ரல் 19ஆம் தேதி ஓட்டுப் போட்டோம். எண்ணினது ஜூன் 4. நடுவுல முழுசா 45 நாள். எங்க விழுப்புரம் தனித் தொகுதியோட ஆறு சட்டமன்றத் தொகுதி மெஷின்களும் (திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை) விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில பூட்டி சீல் வெச்சு இருந்தது. சுத்தி போலீஸ். எல்லா இடத்துலயும் கேமரா. வேட்பாளர்களோட ஏஜென்டுகள் உட்கார்ந்து பார்க்க டிவி திரை.

மே மாசத் தொடக்கத்துல ஒரு நாள் அந்தக் கேமராக் காட்சி சுமார் அரைமணி நேரம் வராம போச்சு. அதுக்குச் சில நாள் முன்னாடி, ஏப்ரல் 27ஆம் தேதி, ஊட்டியில நீலகிரித் தொகுதி மெஷின்கள் இருந்த இடத்துலயும் இப்படித்தான். சுமார் 20 நிமிஷம் திரை இருட்டு. அங்கே அதிக வெப்பத்தால வந்த கோளாறுன்னு அதிகாரிகள் விளக்கம் கொடுத்தாங்க. ஊட்டியில வெப்பமான்னு நம்ம மக்கள் கலாய்ச்சதும் நடந்தது.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். அந்த அரைமணி நேரத்துல யாரோ உள்ளே போய் எதையோ மாத்திட்டாங்கன்னு நான் சொல்லலை. சீல் இருந்தது, இரட்டைப் பூட்டு இருந்தது, துப்பாக்கியோட காவல் இருந்தது. கேமரா நின்னா ஓட்டு மாறிடும்னு சொல்றது பேத்தல். ஆனா கேமராவை மாட்டினது எதுக்கு? சந்தேகம் வரக்கூடாதுன்னுதானே? அப்போ அது நின்ன அரைமணி நேரத்துல சந்தேகம் வந்தா, அதை விளக்கத்தால மட்டும் தீர்க்க முடியாது. ஆதாரத்தாலதான் தீர்க்க முடியும்.

45 நாள்னா 1080 மணி நேரம். அதுல அரைமணி நேரம் 2160ல ஒரு பங்கு. இம்மியூண்டு. ஆனா மீதி 2159 பங்கைப் பத்தி யாரும் பேசலை பாருங்க! தணிக்கையிலயும் இதே கதைதான். ஆயிரம் வவுச்சர் சரியா இருக்கும். காணாமப் போன ஒத்தை வவுச்சர்தான் கேள்வி ஆகும்.

கண்ணு வலிக்கிற வேலை

1080 மணி நேரத்தை எட்டு மணி நேர ஷிப்டாப் பிரிச்சா 135 ஷிப்ட். ஒவ்வொரு ஷிப்டுலயும் ஒரு மனுஷன் அசையாத கதவோட படத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். சினிமாவே ரெண்டரை மணி நேரம் ஓடினா தூங்கிடறோம், மூடின கதவை எட்டு மணி நேரம் பார்க்கச் சொன்னா? தூங்காத ஏஜென்டுக்குக் கோயில் கட்டலாம்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. திரை கறுப்பானா கண்ணுக்குத் தெரியும். ஆனா படம் உறைஞ்சு நின்னா? கதவு அசையாத பொருள். உறைஞ்ச படத்துலயும் அசையாம இருக்கும், உயிருள்ள படத்துலயும் அசையாம இருக்கும். மூலையில ஓடற கடிகார எண்ணைக் கவனிச்சாதான் வித்தியாசம் தெரியும். விடியக்காலை மூணு மணிக்கு அதைக் கவனிக்கிற ஆள் யாரு?

கடைகள்ல இன்னும் மோசம். ரெக்கார்டர் பெட்டிக்குள்ள ஒரு பஸ்ஸர் இருக்கும். கேமரா போனா, ஹார்ட் டிஸ்க் பழுதானா கத்தும். கத்தல் தாங்க முடியலைன்னு முதல் வாரத்துலயே "தம்பி, அந்த சவுண்டை ஆஃப் பண்ணிக் கொடுங்க"ன்னு போன் வரும். ஆஃப் பண்ணிடுவாங்க. அப்புறம் ஒரு நாள் திருடன் வந்துட்டுப் போன பிறகுதான், மூணு மாசமா எதுவுமே பதிவாகலைன்னு தெரியவரும். நான் கூடப் போன இடங்கள்லயே இது நடந்திருக்கு. சொல்ல வந்ததைச் சொல்ல விடாம வாயை மூடிட்டு, அப்புறம் "பெட்டி சரியில்லை"ன்னு பெட்டி மேல பழி.

பெட்டிக்கும் வாய் இருக்கு

இப்போ தொழில்நுட்பத்துக்கு வருவோம். பயப்படாதீங்க, பி.காம் லெவல்லயே சொல்றேன்.

ஸ்விட்ச், ரவுட்டர், யுபிஎஸ், நல்ல ஐபி கேமரா எல்லாத்துக்கும் பொதுவா ஒரு மொழி உண்டு. பேரு எஸ்என்எம்பி. 1988லயே வந்தாச்சு, என்னை விட வயசுல ரொம்பப் பெரிசு. இந்த மொழியில ரெண்டு விதமாப் பேசலாம்.

முதல் விதம்: நாம கேட்கிறது. மையத்துல இருக்கிற கம்ப்யூட்டர் சில நிமிஷத்துக்கு ஒருமுறை "நல்லா இருக்கியா?"ன்னு ஒவ்வொரு பெட்டியையும் கேட்கும், பெட்டி பதில் சொல்லும். இதுக்குப் பேரு போலிங். (ஓட்டுப் போடற போலிங் இல்லைங்க!) இது 161ஆம் போர்ட்ல நடக்கும்.

ரெண்டாவது விதம்: பெட்டி தானா சொல்றது. கேபிள் கழண்டுச்சா, கரண்ட் போய் வந்துச்சா, யாராவது தப்பான பாஸ்வேர்டு மாதிரி எதையாவது வெச்சு எட்டிப் பார்த்தாங்களா, நாம கேட்கிற வரைக்கும் காத்திருக்காம அந்த நொடியே ஒரு சின்னத் தகவலை அனுப்பும். இதுக்குப் பேரு ட்ராப். இது வந்து சேருற இடம் 162ஆம் போர்ட். லிங்க்டவுன்னா போர்ட் செத்துப் போச்சு. லிங்க்அப்னா உயிர் வந்துடுச்சு. கோல்ட்ஸ்டார்ட்னா பெட்டி புதுசா எழுந்திருக்கு. இதெல்லாம் காசு கொடுத்து வாங்கற சமாச்சாரம் இல்லை. நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் எதுவா இருந்தாலும் கூடவே வரும். ஆனா எந்த முகவரிக்குச் சொல்லணும்னு நாம எழுதிக் கொடுக்கணும். நம்ம ஊர்ல மாட்டின பெட்டிகள்ல அந்த இடம் காலியாத்தான் கிடக்கும். வாய் இருக்கு, கேட்கக் காது இல்லை.

அந்தக் காது வைக்கிறது எவ்வளவு வேலைன்னு பாருங்க.

ஒரு பழைய கம்ப்யூட்டர், அதுல லினக்ஸ். நெட்-எஸ்என்எம்பின்னு ஒரு இலவச மென்பொருள், அதுல ட்ராப் வாங்கறதுக்குன்னே எஸ்என்எம்பி-ட்ராப்-டின்னு ஒரு நிரல். அதை ஓடவிட்டா போதாது. யார்கிட்டேருந்து வாங்கலாம்னு அமைப்புக் கோப்புல ஒரு வரி அனுமதி எழுதணும். 5.3ஆம் பதிப்புலேருந்து, அந்த வரி இல்லாட்டி வர்றதையெல்லாம் வாசல்லயே திருப்பி அனுப்பிடும். பல பேர் இங்கேதான் "ட்ராப் வரவே மாட்டேங்குது"ன்னு தலையைப் பிச்சுக்குவாங்க. அடுத்து ஃபயர்வால்ல யுடிபி 162ஐத் திறக்கணும். ஸ்விட்ச்சுக்குள்ள போய் இந்தக் கம்ப்யூட்டரோட முகவரியைக் கொடுத்து, லிங்க் ட்ராப்பை ஆன் பண்ணணும். அப்புறம் ஒரு கேமராவோட கேபிளை உருவிப் பாருங்க. திரையில ஒரு வரி வந்து விழும். அது நீளமான எண் வரிசையாத்தான் இருக்கும். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு சொல்ற அகராதிக்கு எம்ஐபின்னு பேரு. அதையும் ஏத்திட்டா "அஞ்சாம் நம்பர் போர்ட் விழுந்தது"ன்னு படிக்கிற மாதிரி வரும். நாகியோஸ், ஜாபிக்ஸ் மாதிரி இலவசக் கண்காணிப்பு மென்பொருளோட இதைக் கோத்துட்டா மெயில், எஸ்எம்எஸ், மணி அடிக்கிறது எல்லாம் செய்யலாம். ஒரு மத்தியான வேலை.

அரைமணி நேரத்தை எப்படி நிரூபிக்கிறது?

இந்தப் பதிவுல ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன்னா, இதைப் படிங்க. ஒவ்வொரு ட்ராப்புக்குள்ளயும் ஒரு எண் இருக்கும். அது கடிகார நேரம் இல்லை. பெட்டிக்குள்ள இருக்கிற எஸ்என்எம்பி நிரல் கடைசியா உயிர் பெற்று எவ்வளவு நேரமாச்சுங்கிற கணக்கு, நூறில் ஒரு விநாடி சுத்தமா. பெட்டிக்குக் கரண்ட் போய் வந்தா அந்த எண் பூஜ்யத்துலேருந்து மறுபடி ஆரம்பிக்கும். கேபிளை மட்டும் யாராவது உருவியிருந்தா ஸ்விட்ச்சோட எண் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், லிங்க்டவுன் மட்டும் வரும். அதாவது, மின்சாரமா கேபிளாங்கிறதைப் பெட்டியே பிரிச்சுக் காட்டிடும். எந்த நொடியில நின்னது, எந்த நொடியில வந்தது, எந்தெந்தப் போர்ட், எந்த வரிசையிலன்னு தாள்ல அச்சடிச்சு எல்லாக் கட்சி ஏஜென்டுகள் கையிலயும் கொடுக்கலாம். "கோளாறு, சரிபண்ணிட்டோம்"ங்கிற ஒத்தை வரிக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்!

யுபிஎஸ் கதை இன்னும் அருமை. நெட்வொர்க் அட்டை போட்ட யுபிஎஸ்களுக்குன்னு 1994லயே ஒரு பொது விதி எழுதியாச்சு. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினா ஒரு ட்ராப். அதோட விடாது. பேட்டரியில ஓடற வரைக்கும் நிமிஷத்துக்கு ஒருமுறை அதையே மறுபடி மறுபடி அனுப்பணும். கேமராக்கள் இருட்டாகறதுக்கு முன்னாடியே மணி அடிக்க வழி இருக்கு.

சொன்னது வேற, போய்ச் சேர்ந்தது வேற

ட்ராப் இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நான் வித்தை காட்டலை. அதுக்கும் ரெண்டு ஓட்டை உண்டு.

ஒண்ணு, மொத்தமா செத்த பெட்டி எதையும் சொல்லாது. பிணம் போன் பண்ணி "நான் போயிட்டேன்"னு சொல்லாதில்லையா? அதனாலதான் போலிங்கும் வேணும். ட்ராப் உடனே சொல்லும், போலிங் மௌனத்தைக் கண்டுபிடிக்கும். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேண்டாம்னு சொல்றவர் பாதி வேலைதான் செய்றார்.

ரெண்டாவது, ட்ராப் தபால்பெட்டியில போட்ட சாதா கடுதாசி மாதிரி. போய்ச் சேர்ந்துச்சான்னு அனுப்பினவனுக்குத் தெரியாது. வழியில தொலைஞ்சா தொலைஞ்சதுதான். அதனால ரெண்டாம் பதிப்புல இன்ஃபார்ம்னு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. இது ஒப்புதல் அட்டை வெச்ச பதிவுத் தபால். "வந்துடுச்சு"ன்னு பதில் வரலைன்னா திரும்ப அனுப்பும்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசுன்னு எங்க மாவட்டத்துக்காரங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல். மயிலத்துல ஒரே நாள்ல 51 செ.மீ. மழை. அடுத்து டிசம்பர் 2ஆம் தேதி விடியக்காலை சாத்தனூர் அணையிலேருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரைக்கும் தண்ணி திறந்தாங்க. தென்பெண்ணை கரையோர ஊர்கள் முழுகிச்சு. அரசூர்கிட்ட சென்னை - திருச்சி நெடுஞ்சாலை மேலயே ஆறு ஓடிச்சு. அப்புறம் நடந்த சண்டை ஞாபகம் இருக்கா? அஞ்சு தடவை எச்சரிக்கை கொடுத்தோம்னு அரசு சொல்லிச்சு. முறையா எச்சரிக்கவே இல்லைன்னு எதிர்க்கட்சிகள் சொன்னாங்க, எங்களுக்கு வந்து சேரலைன்னு கரையோரத்துல சொன்னாங்க. ரெண்டு தரப்பும் பொய் சொல்லாமலேயே இது நடக்கலாம்! ஏன்னா அனுப்பினதுக்குக் கணக்கு இருக்கு, வாங்கினதுக்குக் கணக்கு இல்லை. ட்ராப் அனுப்பிட்டு, இன்ஃபார்ம் அனுப்பின மாதிரி நிம்மதியாத் தூங்கற பழக்கம் இது. கேமராவுல ஆரம்பிச்சு அணைக்கட்டு வரைக்கும் நமக்கு இதுதான் வியாதி.

வழக்கமான சால்ஜாப்புகள்

"செலவு ஆகும் தம்பி." மென்பொருள் இலவசம். வாங்கற கம்ப்யூட்டர் மூலையில தூசி படிஞ்சு கிடக்கிறது. செலவுன்னு பார்த்தா சாதா ஸ்விட்ச்சுக்குப் பதில் நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் வாங்கறது, யுபிஎஸ்க்கு ஒரு நெட்வொர்க் அட்டை போடறது. நூத்துக்கணக்குல கேமரா வாங்கிட்டு, அதுங்க உயிரோட இருக்கான்னு பார்க்கிறதுக்குக் காசு இல்லைங்கிறது, பட்டுப்புடவை எடுத்துட்டு ஜாக்கெட் துணிக்குக் காசு இல்லைன்னு சொல்ற மாதிரி.

"நெட்வொர்க்ல விட்டா ஹேக் பண்ணிடுவாங்க." நியாயமான பயம். ஆனா இதுக்கு இன்டர்நெட்டே வேண்டாம். அதே கட்டடத்துல, வெளித் தொடர்பு இல்லாத அதே கேமரா நெட்வொர்க்குக்குள்ளயே காதும் இருக்கலாம். 'பப்ளிக்'னு ஊருக்கே தெரிஞ்ச கடவுச்சொல்லை வெச்சுக்கிட்டு முதல் பதிப்பையும் ரெண்டாம் பதிப்பையும் ஓட்டினா ஆபத்துதான். யாரு வேணா பொய் ட்ராப் அனுப்பலாம். அதுக்குத்தான் அடையாளச் சோதனையும் மறையாக்கமும் சேர்த்து மூணாம் பதிப்பை 2002லயே முழுத் தரமா ஆக்கிட்டாங்க. அதைப் போடுங்க.

"சும்மா சும்மா மணி அடிக்கும்." அடிக்கும். முதல் ரெண்டு நாள் அடிக்கும். எது முக்கியம், எது இல்லைன்னு பிரிக்கிறதுதான் வேலை. பிரிக்கச் சோம்பல்பட்டு பஸ்ஸரை ஆஃப் பண்றதுக்குப் பேரு நிர்வாகம் இல்லை.

"ராத்திரி மணி அடிச்சா யாரு எழுந்திருக்கிறது?" இது மட்டும்தான் உருப்படியான கேள்வி! இதுக்கு மென்பொருள் பதில் சொல்லாது. ஒரு பேரு, ஒரு போன் நம்பர், அவர் எடுக்கலைன்னா அடுத்த பேரு. இதைத் தாள்ல எழுதி சுவத்துல ஒட்டாம எந்தக் கருவி வாங்கினாலும் வீண்.

கணக்குப்பிள்ளை பாயிண்ட்

கடைசியில சொல்றேன்னேன் இல்லையா. மேனேஜ்மென்ட் பாடத்துல எஃப்.டபிள்யூ.டெய்லர்னு ஒருத்தரை மனப்பாடம் பண்றோமே, அவர் 1903லயே சொன்னதுதான் இது. எல்லாத்தையும் மேலாளர் பார்க்கக்கூடாது, வழக்கத்துக்கு மாறானது மட்டும் அவர் மேஜைக்கு வரணும். பரீட்சைக்கு அஞ்சு மார்க் கேள்வி. ட்ராப்ங்கிறது அந்த அஞ்சு மார்க் கேள்விக்கு உயிர் கொடுத்த மாதிரி. அசையாத கதவை 1080 மணி நேரம் பார்க்கிறது கண்காணிப்பு இல்லை. அசைஞ்ச அந்த நொடியில ஆளை எழுப்பறதுதான் கண்காணிப்பு.

இன்னொண்ணும் படிச்சிருக்கோம், இன்டர்னல் செக். பணத்தைக் கையாள்றவரே கணக்கையும் எழுதக்கூடாது. அப்போ கேமராவை மாட்டிப் பராமரிக்கிற ஒப்பந்தக்காரரே "எப்போ நின்னது, ஏன் நின்னது"ன்னும் சொன்னா அது என்ன தணிக்கை? ட்ராப் வாங்கற கம்ப்யூட்டர் அவர் கையில இருக்கக்கூடாது. அழிக்க முடியாதபடி அந்த நொடியே அச்சாகற ஒரு பிரதி, வேட்பாளர் ஏஜென்டுகள் உட்கார்ற இடத்துல இருக்கணும். இந்தக் கட்சி அந்தக் கட்சின்னு பார்க்காம எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம் இது. ஜெயிச்சவருக்கும் இது நல்லது. "அந்த அரைமணி நேரத்துல..."ன்னு யாரும் இழுக்க முடியாது.

அதனால கேட்கிறது மூணே மூணுதான். ஓட்டு மெஷின் வைக்கிற ஒவ்வொரு இடத்துலயும் ஸ்விட்ச், யுபிஎஸ், கேமரா மூணும் தானா புகார் சொல்ற மாதிரி அமைக்கணும். அந்தப் புகார் வந்து சேர்ந்ததுக்கு ஒப்புதல் இருக்கணும். நேரத்தோட அந்த ஏடு அன்னன்னைக்கு எல்லா வேட்பாளர் தரப்புக்கும் கிடைக்கணும். ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. திண்டிவனத்துல கேபிள் இழுக்கிற பையனுக்குத் தெரிஞ்சது, கோடிக்கணக்குல டெண்டர் விடறவங்களுக்குத் தெரியாதா என்ன?

டிஸ்கி 1: உங்க வீட்டு, கடை ரெக்கார்டரை இன்னைக்கு ராத்திரி ஒருமுறை திறந்து, நேத்து மத்தியானம் பதிவானதை ஓடவிட்டுப் பாருங்க. ஓடலைன்னா திட்டாதீங்க, நான் மாட்டினது இல்லை. :-)

டிஸ்கி 2: நெட்வொர்க் வேலையில இருக்கிற அண்ணன்கள், அக்காக்கள் யாராவது இதைப் படிச்சா, ட்ராப் பெருமழையா வந்து கொட்டும்போது எப்படிப் பிரிக்கிறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கத்துக்கிறேன்.